கையால் பேசும் வீட்டில் பெண் கேட்டது

தம்பிக்குப் பெண் பார்க்க வேண்டும், விடுப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தபோது எங்கள் அதிகாரி தலையை நிமிர்த்தாமலே, "போளூரா, செங்கமா?" என்றார்.

"தாய்லாந்து சார்."

பேனாவை மூடி வைத்தார். "ஏம்மா, நம்ம ஜில்லாவுல பொண்ணே இல்லையா?"

வேங்கிக்கால் அலுவலகத்தில் அன்று முழுக்க இதே பேச்சு. பக்கத்து மேசை சாந்தி மட்டும் உருப்படியாக ஒன்று கேட்டாள். "பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட எப்படிக்கா பேசுவீங்க? அந்த ஊரு பாஷை தெரியுமா?" தெரியாது. ஆனால் அந்த வீட்டில் யாரும் வாயால் பேசுவதில்லை. பெண்ணுக்குக் காது கேட்காது. அவள் அப்பா அம்மாவுக்கும் கேட்காது. எங்கள் ஏழுமலைக்கும் பிறந்ததிலிருந்து கேட்காது.

ஏழுமலை எனக்கு நெடுங்காலம் கழித்துப் பிறந்த தம்பி. பாங்காக்குக்கு மேற்கே ஒரு பல்கலைக்கழகத்தில், உதவித்தொகை பெற்று, சைகை மொழிகளையும் காது கேளாதவர்களின் வாழ்க்கை முறைகளையும் படிக்கிறான். கடைசி ஆண்டு. படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பி, நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். கூடப் படிக்கும் மாலியைக் கல்யாணம் செய்துகொள்கிறேன், அவளும் நம் ஊர் அடி அண்ணாமலைக்கே வந்து இருப்பாள் என்று கைப்பேசித் திரையில் அவன் சொன்ன அன்று அம்மா சமைக்கவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "நீ போய்ப் பாத்துட்டு வா. நீ சரின்னா சரி" என்றார்.

புறப்படும் முன் மாமா தனியாக அழைத்து ஒரு கேள்வியை ஒப்படைத்தார். "ரெண்டும் காது கேக்காதது. பொறக்கற புள்ளைங்களுக்குக் கேக்குமான்னு நாசூக்கா கேட்டுடும்மா." நான் எதையும் ஒழுங்காகக் குறித்து வைப்பவள். அதையும் குறித்துக்கொண்டேன். பெட்டியில் பட்டுப்புடவை, மஞ்சள் குங்குமம், அதிரசம், ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலை.

முதல் நாள் விமான நிலையத்தில் எனக்கு ஒரு வசதி இருந்தது. மற்றவர்களால் தடுப்புக்கு அப்பால் நிற்கும் சொந்தக்காரர்களைப் பார்த்துச் சிரிக்க மட்டுமே முடிந்தது. நானும் தம்பியும் கண்ணாடிச் சுவர் நடுவில் இருக்கும்போதே பேசத் தொடங்கிவிட்டோம். சாப்பிட்டாயா, பெட்டி வந்துவிட்டதா, அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி, மாடு கன்று போட்டதா. நான் வெளியே வந்து சேர்வதற்குள் ஊர்ச் சேதி எல்லாம் தீர்ந்துவிட்டது. பக்கத்தில் போன பிறகுதான் கவனித்தேன், அவனுக்கு மீசை இல்லை.

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை மீசையை எடுப்பது அப்பாவோ அம்மாவோ இறந்தால்தான். அப்பா போனபோது ஏழுமலை எடுத்தான். அதன் பிறகு அடர்த்தியாக வளர்த்திருந்தான். நான் என் உதட்டுக்கு மேல் விரலை வைத்து அவனைப் பார்த்தேன்.

அவன் தயாராக இருந்தான். வாத்தியார் சொன்னாராம். சைகை மொழி கையில் மட்டும் இல்லை, முகத்திலும் இருக்கிறது. உதட்டைக் குவிப்பதும் கன்னத்தை உப்புவதும்கூட ஒரு சொல்லை வேறு சொல்லாக்கும். உன் மீசை பாதிப் பேச்சை விழுங்கிவிடுகிறது என்று. ஒரு வாரம் முன்பு எடுத்துவிட்டான். "அம்மாகிட்ட சொல்லாதக்கா. கல்யாணத்துக்குள்ள வளந்துடும்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். ஒத்துக்கொண்டேன். அன்று அம்மாவுக்கு அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் அவன் முதுகுதான் இருந்தது.

பாங்காக்கின் ஒரு பெரிய தெருவில் என்னை இறக்கி நடக்க வைத்தான். நடைபாதைக் கடைகள் வரிசையாக இருந்தன. பனியன், பை, மரத்தில் செதுக்கிய யானை. கடைக்காரர்களில் பலர் காது கேளாதவர்கள். வெள்ளைக்காரர் ஒருவர் பனியனைத் தூக்கிக் காட்டினார், கடைக்காரப் பெண் கணக்குப் பொறியில் விலையைத் தட்டி நீட்டினாள், அவர் அதை வாங்கிப் பாதி விலையைத் தட்டினார், அவள் தன் மார்பில் கத்தி குத்தியதுபோல் நடித்துக் காட்டினாள், இருவரும் சிரித்தார்கள், பேரம் முடிந்தது. நம் ஊரில் இப்படி ஒருவர் கடை போட்டால் பாவம் என்று ஒரு ரூபாய் கூடக் கொடுத்துவிட்டுப் போவோம். இங்கே யாரும் பாவப்படவில்லை, கறாராக அடித்துப் பேசினார்கள். எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

ஏழுமலையைத் தெரிந்த ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கன்னத்தை உப்பி, இரண்டு கைகளையும் இடுப்புக்கு வெகுதூரத்தில் வைத்துக் காட்டினார்.

"குண்டா கீறீங்கன்னு சொல்றாரு" என்றான் தம்பி. "தப்பா எடுத்துக்காத. எங்க ஆளுங்க கண்ணுக்குத் தெரியறத அப்படியே சொல்லுவாங்க. மறைச்சுப் பேசத் தெரியாது."

"அவரு சொட்டைன்னு சொல்லு."

சொன்னான். கடைக்காரர் மகிழ்ந்துபோய் எனக்கு ஒரு மர யானை கொடுத்தார்.

மதியம் துளசி போட்டு வறுத்த கோழியும் சோறும். மேசையில் உப்பு இருக்கும் இடத்தில் சர்க்கரை இருந்தது. நூடுல்ஸில்கூட அதைத் தூவிக்கொள்கிறார்கள். நான் கையால் பிசைந்தபோது பக்கத்து மேசைக் குழந்தை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. காரம் நம் காரத்துக்குக் கம்மியில்லை.

இரண்டாம் நாள் அவன் வகுப்புக்குப் போனேன். அமைதியாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். எங்கள் பேருந்து நிலையம் தோற்றது. நாற்காலியை இழுக்கும் சத்தம், கூப்பிடுவதற்காக மேசையில் அறையும் சத்தம், தரையைக் காலால் உதைக்கும் சத்தம், அடிவயிற்றிலிருந்து வரும் சிரிப்பு. அந்த அறையில் சத்தத்தால் தொந்தரவுபட்டவள் நான் ஒருத்திதான். பச்சைச் சட்டை போட்ட வாத்தியார் வந்து விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டார். எல்லோரும் திரும்பினார்கள். அவருக்கும் காது கேட்காது.

அன்று பாடம் சோறு. லாவோஸ், நேபாளம், வியட்நாம், இந்தோனேசியா என்று பல நாட்டுப் பிள்ளைகள். "சாப்பிடு" என்பதை அவரவர் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். ஏழுமலை ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோனான். மாலி கரண்டியால் அள்ளினாள். வியட்நாம் பையன் கிண்ணத்தை உதட்டருகே தூக்கி, இரண்டு விரலைக் குச்சியாக்கித் தள்ளினான். சைகை என்றால் உலகம் முழுக்க ஒன்றுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். தம்பி வழியாக வாத்தியாரிடம் அதைச் சொன்னேன்.

அவர் கேட்டார். "காது கேட்கும் நீங்கள் எல்லோரும் ஒரே மொழியா பேசுகிறீர்கள்?"

வகுப்பு சிரித்தது. பிறகு அவர் விளக்கினார். ஒவ்வொரு நாட்டுச் சைகைக்கும் தனிச் சொற்கள், தனி இலக்கணம். ஆனாலும் இரண்டு நாட்டுக் காது கேளாதவர்கள் காலையில் சந்தித்தால் மாலைக்குள் குடும்பக் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். "அது எப்படி என்றுதான் இங்கே படிக்கிறோம்" என்றார்.

அதன் பிறகு என்னை எழுந்து முன்னால் வரச் சொன்னார்கள். ஏழுமலையின் ஆய்வு எங்கள் வீட்டுச் சைகைகள் பற்றி என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் வீடு கிரிவலப் பாதை ஓரம். முன்னால் அம்மா இளநீர், மோர், சுண்டல் விற்கும் சின்னக் கடை. பௌர்ணமி அன்று ஒலிபெருக்கியும் கூட்டமும் போடும் சத்தத்தில் யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது. ஏழுமலை நடக்கப் பழகிய காலத்திலிருந்தே அன்று எங்கள் கடையில் எல்லோரும் கையால்தான் பேசுவோம். பிறகு அது மற்ற நாட்களுக்கும் பரவிவிட்டது. ஆனால் விருந்தாளி, சம்பந்தி, பெரிய மனிதர்கள் வந்தால் மட்டும் அம்மா வாயால்தான் பேசுவார். மரியாதையாகத் தெரிய வேண்டுமாம். எங்களில் யாராவது கையைத் தூக்கினால், "நாலு பேரு பாக்கறாங்க, கைய கீழ போடு" என்பார்.

வகுப்பின் முன் நின்று நான் எங்கள் வீட்டுச் சொற்களைக் காட்டினேன். அப்பாவுக்குத் தோளில் துண்டு. மாமாவுக்குப் பொடி போடுவது. பௌர்ணமிக்கு ஒரு வட்டம், அதைச் சுற்றி நடக்கும் விரல்கள். வீடு என்பதற்கு இரண்டு கைகளையும் மலை உச்சி போலச் சேர்த்து, மேலே விரல்களைச் சுடராக அசைப்பது. தீபம் ஏற்றிய அண்ணாமலைதான் எங்களுக்கு வீடு. இருபது பேர் என் எதிரே மலையைச் செய்து தீபத்தை ஏற்றினார்கள்.

நேபாளத்துப் பெண் கேட்டாள். "இதையெல்லாம் யார் உண்டாக்கியது?"

எங்கள் அலுவலகத்தில் எந்தக் கோப்பை யார் தொடங்கினார் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். இதற்குக் கோப்பு இல்லை. யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. சுண்டல் மடிக்கிற நேரத்தில், இளநீர் வெட்டுகிற நேரத்தில், எங்களுக்கே தெரியாமல் வீட்டுக்குள் ஒரு மொழி வந்து உட்கார்ந்திருக்கிறது. வாத்தியார் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

வகுப்பு முடிந்ததும் மாலி வந்தாள். குட்டையான பெண், வட்ட முகம், புருவங்கள் ஓயாமல் ஆடின. மாலி என்றால் அங்கே நம் மல்லிகைப்பூதானாம். காதோரம் விரல்களை விரித்துத் தன் பெயரைச் சொன்னாள். எனக்கும் ஒரு பெயர் தயாராக வைத்திருந்தார்கள், உள்ளங்கையில் விரலால் எழுதுவது. ஏழுமலை என்னை வீட்டில் கூப்பிடும் அதே பெயர்.

"நாளைக்கு அம்மா உங்களைப் பார்ப்பாங்க" என்றாள். தம்பி மாற்றிச் சொன்னான்.

"நான்தானே பொண்ணு பாக்க வந்திருக்கேன்?"

மாலி தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான். "அவங்க அம்மா ஏற்கெனவே வேணாம்னுட்டாங்க அக்கா. உன்னைப் பாத்த பிறகு கடைசியா ஒரு வார்த்தை சொல்றேன்னு இருக்காங்க."

மூன்றாம் நாள் பௌர்ணமி. அந்த நாட்டுக்கும் அது பெரிய நாள். மாலி முந்தின நாளே வீட்டுக்குப் போய்விட்டாள். நானும் ஏழுமலையும் நகோன் பதோமுக்கு ரயில் ஏறினோம். மர இருக்கை, திறந்த சன்னல், மின்விசிறி. நம் பாசஞ்சர் வண்டி போலவே. கூடையில் வறுத்த வாழைப்பழம் விற்றுக்கொண்டு வந்தார்கள். நகோன் பதோமும் கோயில் ஊர்தான். நடுவில் வானம் மறைக்க ஒரு மாபெரும் புத்தத் தூபி, மேலே ஆரஞ்சு நிற ஓடு. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தெரியும், நம் மலை போல, தவறவிடவே முடியாது என்று சொல்லியிருந்தார்கள்.

நாங்கள் தவறவிட்டோம். காரணம் மாமாவின் கேள்வி. நான்தான் எடுத்தேன். பிள்ளைகளுக்குக் காது கேட்குமா என்று எந்த இடத்தில் கேட்பது நல்லது, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா?

அவன் முகம் மாறிவிட்டது. "கேக்காத."

"மாமா கேக்கச் சொன்னாரு."

"மாமா பொடி போடும்போது தும்மல் வருமான்னு யாராவது கேக்கறாங்களா?"

சண்டை வளர்ந்தது. வாயால் சண்டை போடுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சன்னலைப் பார்த்தபடியே சண்டை போடலாம். கையால் போடுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. கண்ணை எடுத்தால் எதிராளி சொன்னது போய்விடும். ஊர் நெருங்கும்போது நீ பார்ப்பாய் என்று நானும், அறிவிப்பு வந்தால் அக்காவுக்குக் கேட்கும் என்று அவனும் இருந்திருக்கிறோம். அறிவிப்பு வந்தது, எனக்குக் கேட்டது, ஒரு சொல்லும் புரியவில்லை. நான் நிமிர்ந்தபோது அவ்வளவு பெரிய தூபி எங்கள் முதுகுக்குப் பின்னால் சிறுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த சிற்றூரில் இறங்கி, பம்பளிமாஸ் பழம் ஏற்றிய சின்ன லாரியின் பின்னால் உட்கார்ந்து திரும்பி வந்தோம். ஓட்டுநர் நாங்கள் சண்டை போடுவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்து, இறங்கும்போது ஆளுக்கு ஒரு பழம் கொடுத்துச் சமாதானம் செய்தார்.

மாலியின் வீடு தூபிக்குப் பின் தெருவில். வாசலில் கடை: மூங்கில் குழாய்களில் ஒட்டும் அரிசி, தேங்காய்ப்பால், கறுப்புப் பயறு அடைத்து, கரி நெருப்போரம் வரிசையாகச் சாய்த்து வேக வைத்திருந்தார்கள். மாலியின் அப்பா நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழைப்பு மணியை அழுத்தினால் வீட்டுக்குள் விளக்கு மின்னியது. சமையல் கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் சுவர் இல்லை, சமைக்கிறவரும் பேச்சில் இருக்க வேண்டுமே. வட்ட மேசை. நான் கொண்டுபோன தட்டை, புடவை வெற்றிலை அதிரசத்தோடு, மேசை நடுவில் வைத்தேன். மாலியின் அம்மா வணங்கி ஏற்றுக்கொண்டு உடனே அதைப் பக்கத்து மேசைக்கு மாற்றினார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு புரிந்தது. நடுவில் எது இருந்தாலும் எதிரில் இருப்பவரின் கை மறையும். அந்த மேசையின் நடுவில் ஒரு தண்ணீர்க் குவளைகூட வைக்க மாட்டார்கள்.

சாப்பாடு ஆனது. மூங்கிலை வாழைமட்டை உரிப்பதுபோல் உரித்துத் தந்தார்கள். உள்ளே மெல்லிய வெள்ளைத் தோலோடு இனிப்புச் சோறு, நம் பொங்கலுக்கு அக்கா தங்கை முறை. அதன் பிறகு மாலியின் அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. மாலி அவர் சொன்னதை ஏழுமலைக்கும், ஏழுமலை எனக்கும் சொன்னார்கள்.

"உங்கள் வீட்டில் காது கேட்காதவர் யார் யார்?"

"ஏழுமலை மட்டும்தான்" என்றேன். எங்கள் ஊர்ப் பழக்கத்தில் அதை ஒரு நல்ல செய்தி போலச் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது.

"என் தங்கையை எல்லோருக்கும் காது கேட்கும் வீட்டில் கொடுத்தோம். நல்லவர்கள். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஆனால் சாப்பிடும்போது எல்லோருடைய வாயும் அசையும். எல்லோரும் சிரிப்பார்கள். இவள் என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை, பிறகு சொல்கிறோம் என்பார்கள். அந்தப் பிறகு வரவே இல்லை. திரும்பி வந்துவிட்டாள். என் பெண்ணை அப்படி ஒரு வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்."

மாலி அதைச் சொல்லி முடிக்கும்போது அவள் புருவங்கள் ஆடாமல் நின்றுவிட்டன. ஏழுமலை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேள்வி கேட்க வந்தவள் நான். குறிப்பில் இருந்த மாமாவின் கேள்வியை எந்த இடத்திலும் வைக்க முடியவில்லை.

எங்களுக்குக் கையால் பேசத் தெரியும் என்று சொன்னேன், பேசியும் காட்டினேன். அவர் கூர்ந்து பார்த்தார்.

"நீ எந்த வீட்டில் இருக்கிறாய்?"

"வேங்கிக்கால். கொஞ்ச தூரம்."

"பகலில்?"

"ஆபீஸ்."

"அப்படியானால் பகலெல்லாம் என் பெண்ணோடு இருப்பது யார்?"

"எங்க அம்மா."

"அவரைக் காட்டு."

நான் கைப்பேசியை எடுத்ததும் ஏழுமலை சட்டென்று நாற்காலியை நகர்த்தி, திரையில் தெரியாத இடத்துக்குப் போய்விட்டான். மீசை.

எனக்கு வேறு பயம். அம்மாவுக்கு இவர்கள் சம்பந்தி. பௌர்ணமிக் கடை வேறு. பக்கத்து வீட்டு லட்சுமிதான் எடுத்தாள். பெண்ணின் அம்மா பார்க்க வேண்டுமாம் என்றதும் அம்மா, "இரு, வரேன்" என்று மறைந்தார். வந்தபோது முகம் கழுவி, புதுக் குங்குமம் வைத்து, முந்தானையை இரண்டு தோளையும் மூடி இழுத்திருந்தார். லட்சுமி கைப்பேசியை மிட்டாய் பாட்டிலில் சாய்த்து வைத்தாள். அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

"வணக்கம்மா. நல்லா கீறீங்களா? விஜயா, நான் சொல்றத அவங்களுக்குச் சொல்லு. வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேளு."

மாலியின் அம்மா திரையையே பார்த்தார். அசையும் வாய். அசையாத கைகள். அவர் தங்கை அந்தச் சாப்பாட்டு மேசையில் பார்த்தது இதைத்தானே. கையைத் தூக்கும்மா என்று சொல்லிவிட என் வாய் திறந்தது. தம்பி தூரத்திலிருந்தே தலையை ஆட்டினான், சொல்லாதே என்று. சொல்லிக்கொடுத்து வந்தால் அது கணக்கில் சேராது.

மாலியின் அம்மா பெருமூச்சு விட்டார். பிறகு எழுந்துபோய் ஏழுமலையைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து திரைக்கு முன்னால் நிறுத்தினார். இவன் உன் பிள்ளைதானே, இவனோடு பேசு என்று காட்டினார்.

அம்மா பார்த்தார். வாய் பாதியில் நின்றது. கோத்த கைகள் பிரிந்தன.

முதலில் வலது கை, உதட்டோரம் மீசை முறுக்கி, விரிந்து உதறியது. எங்கடா? அடுத்துத் தோளில் துண்டு, கன்னத்தில் கை வைத்துக் கண் மூடல், உதட்டின் மேல் கத்தி. அப்பா செத்தப்ப எடுத்த. இப்ப யாரு செத்தா? பிறகு ஆள்காட்டி விரல் தன் நெஞ்சையே குத்தியது. நானா? நான் செத்துட்டேனா?

முந்தானை சரிந்ததை அவர் கவனிக்கவில்லை.

ஏழுமலை, வாத்தியார், வாய், இலக்கணம் என்று கையால் கெஞ்சினான்.

"ஏன், மீசை மொளைச்ச நாள்லேருந்து நீ பேசனது எனக்குப் புரியலையா? வாத்தியாருக்குத் தெரியலன்னா அவரு கண்ணாடிய மாத்தட்டும்."

யாரோ மோர் கேட்டார்கள். அம்மா ஒரு கையால் மோர் ஊற்றினார், மறு கை திட்டுவதை நிறுத்தவில்லை. பின்னால் கிரிவலம் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நாலு பேர் அல்ல, நாற்பது பேர். அம்மாவுக்கு அந்த நேரத்தில் உலகத்தில் மீசையில்லாத ஒரு முகம்தான் இருந்தது.

மாலியின் அம்மா என் தோளைத் தட்டினார். யார் செத்தது என்று கேட்டார். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. என்னை நாற்காலியிலிருந்து தள்ளிவிட்டு உட்கார்ந்தார். ஏழுமலையின் மேலுதட்டைச் சுட்டி, கோழிக்கு இறகு பிடுங்குவதுபோல் காட்டினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சின்ன விரலை நிமிர்த்தி, இப்படி இளைத்துவிட்டானே என்றார். மாலியின் அம்மா சோற்றை மலையாகக் குவித்துக் காட்டி, அவ்வளவும் தின்கிறான், எங்கே போகிறது என்று கையை விரித்தார். அம்மா தன் முழங்காலைத் தொட்டு முகம் சுளித்தார். இவர் தன் முழங்காலைத் தொட்டு முகம் சுளித்தார்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. இலக்கணம் வேறு வேறு என்று முந்தின நாள்தான் பாடம் கேட்டிருந்தேன். ஏழுமலை படித்தவன் அல்லவா, நடுவில் புகுந்து மொழிபெயர்க்கப் பார்த்தான்.

அம்மா சொன்னார். "நீ கைய கீழ போடு."

எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று குறிக்க மறந்துவிட்டேன். எனக்கு அப்படி மறப்பது வழக்கம் இல்லை. கடைசியில் மாலியின் அம்மா, உங்கள் வீடு எப்படி இருக்கும் என்று கேட்டிருக்க வேண்டும். அம்மா இரண்டு கைகளையும் உச்சியாகச் சேர்த்து, மேலே சுடரை அசைத்தார். இவர் அதைத் திருப்பிச் செய்து பார்த்தார்.

அழைப்பு முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். "அந்த வீட்டில் என் பெண்ணைத் திட்ட ஆள் இருக்கிறது. போகட்டும்."

மாலி அழுதாள். ஏழுமலை உதட்டுக்கு மேல் இல்லாத மீசையைத் தடவிக்கொண்டான்.

அதுவரை பேசாமல் இருந்த மாலியின் அப்பா அப்போதுதான் வாய்ப்புக் கிடைத்ததுபோல் முன்னால் வந்தார். தயங்கித் தயங்கி, ரொம்ப நாசூக்காக, ஒன்று கேட்டார். "உங்கள் குடும்பத்தில் மற்ற எல்லோருக்கும் காது கேட்கிறது. பிறக்கும் குழந்தைக்கும் கேட்டுவிட்டால்?"

ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

மாலியின் அம்மாவே பதில் சொன்னார். "கேட்டால் கேட்கட்டும். பேச நாம் சொல்லிக்கொடுப்போம்."

மாமாவுக்கு அன்றே செய்தி அனுப்பினேன். கேட்டாச்சு மாமா, அவங்களும் அதையே கேக்கறாங்க.

நிலா எழுந்ததும் தூபியைச் சுற்றப் போனோம். ஆயிரக்கணக்கான பேர், கையில் தாமரை மொட்டு, ஊதுபத்தி, மெழுகுவத்தி, வலம்தான். செருப்பில்லாத கால்கள், ஒலிபெருக்கியில் ஓதுகிற குரல். பக்கத்தில் நடக்கிறவர் சொல்வது கேட்கவில்லை. எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. மெழுகுவத்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அதே நிலாவின் கீழ் எங்கள் கடையில் இப்போது சுண்டல் தீர்ந்திருக்கும் என்று மாலிக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் காலை விடைபெற்றோம். இவர்களிடம் விடைபெறுவது தனிக்கலை. வாசலில் ஒரு முறை, தெருமுனையில் ஒரு முறை, நிலையத்தில் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் புதுப் பேச்சு தொடங்கிவிடும். இருட்டினால் பேச முடியாமல் போகும் காலத்திலிருந்து வந்த பழக்கம், வெளிச்சம் இருக்கும்போதே பேசித் தீர்த்துவிட வேண்டும் என்றான் தம்பி. முதல் ரயில் போய்விட்டது. யாரும் கவலைப்படவில்லை. அம்மாவுக்கென்று நான்கு மூங்கில் குழாய்களைத் துணியில் சுற்றித் தந்தார்கள்.

இரண்டாவது ரயிலில் ஏறி சன்னலோரம் உட்கார்ந்தோம். வண்டி நகர்ந்தது. பக்கத்து சன்னல்களில் எல்லோரும் ஒரு தடவை கத்திவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மாலியின் அம்மா நடைமேடையில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். குழாயைப் படுக்க வைக்காதே, நிமிர்த்தி வை. சம்பந்திக்கு முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன். இவன் மீசை வளரட்டும், அதற்குள் தேதி பாருங்கள். எனக்கு எல்லாம் புரிந்தது. சன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பதில் சொன்னேன். அவர் முகம் தெரியாத தூரம் வந்த பிறகும் கைகள் தெரிந்தன. அவை ஒன்று சேர்ந்து உச்சியாகி, மேலே சிறிதாக அசைந்தன.

நானும் மலையைச் செய்து தீபம் ஏற்றினேன். எதிரில் உட்கார்ந்திருந்த பெண் யாருக்கு என்று எட்டிப் பார்த்தாள். அதற்குள் வெளியே பம்பளிமாஸ் தோட்டங்கள் வந்துவிட்டன.